பி.எம்.ஐ. 'நார்மல்' என்றால் நிம்மதியா?

ஜமாஅத் சார்பில் நடக்கும் மருத்துவ முகாம்களில் முதலில் எடை, உயரம் பார்த்துச் சீட்டில் எழுதுகிறார்கள். கூடவே பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீட்டெண்ணும் இருக்கும். நம்மில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பார்க்கிறவர்களும் '25-க்குக் கீழேதானே, நார்மல்' என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறோம்.

கணக்கு எளிது. எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) வகுத்து, வந்ததை மறுபடியும் உயரத்தால் வகுக்க வேண்டும். ஐந்தடி ஐந்து அங்குலம் என்பது ஏறத்தாழ 1.65 மீட்டர். அந்த உயரமுள்ளவர் 66 கிலோ இருந்தால், முதல் வகுத்தலில் 40, இரண்டாவதில் 24.2 வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அளவுப்படி 18.5 முதல் 24.9 வரை இயல்பு. 25-லிருந்து அதிக எடை. 30-லிருந்து உடல் பருமன். ஆனால் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-ல் நம் நாட்டவருக்கென வேறு அளவை வெளியிட்டார்கள். அதில் 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல் பருமன். நாம் மேலே சொன்ன 66 கிலோக்காரர் அந்தக் கணக்கில் ஏற்கெனவே கோட்டைத் தாண்டிவிட்டார்.

நமக்கு மட்டும் ஏன் கண்டிப்பு? புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். எடை எந்திரத்துக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். ஒல்லியாகத் தெரியும் நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் வந்ததும் 'இவருக்கா?' என்று வீட்டார் திகைப்பது இதனால்தான்.

ஆகவே பி.எம்.ஐ.யோடு இடுப்புச் சுற்றளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. தையல்காரர் நாடா போதும். கால்சட்டை கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். தொப்பை அதற்கு மேலேதானே இருக்கிறது! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்தால் ஏமாறுவது நாமே.

கர்ப்பிணிகளுக்கு இந்த எண் பொருந்தாது. பிள்ளைகளுக்கு வயதுவாரியான அட்டவணை தனியாக உண்டு. முதியவர்களுக்குத் தசை கரைந்திருந்தாலும் எண் இயல்பாகவே காட்டலாம். 18.5-க்குக் கீழே போவதும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. மெலிந்திருப்பதே அழகு என்று காலை நாஷ்டாவைத் தவிர்க்கும் நம் பெண்பிள்ளைகளை உம்மாமார்கள் கவனிக்க வேண்டும்.

எண் 23-ஐத் தாண்டியவர்கள் இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் சோதித்துக்கொள்வது நல்லது. வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ சர்க்கரை இருந்தால், எண் 22 என்றாலும் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். 30 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இலவசமாகவே பார்க்கிறார்கள்.