நன்னம்பிக்கையாளர் ஏன் தாமதிக்கின்றனர்?

கூட்டம் காலை 9 மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சிடப்பட்டிருக்கும். 9.30 மணியாகியும் மண்டபத்தில் பாதிக் கதிரைகள் வெறுமையாகவே கிடக்கும். ஏற்பாட்டாளர்கள் தொலைபேசியில் விசாரித்தால், "இன்னும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்" என்ற பதில் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடம் அரை மணித்தியாலமாக நீள்வதை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாறு கூறியவர் பொய் சொன்னாரா? பெரும்பாலான வேளைகளில் இல்லை என்றே கூறவேண்டும். தாம் கூறியதை அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையே அவரது தாமதத்துக்குக் காரணமாகவும் அமைந்தது.

தாமதத்தைச் சோம்பலின் விளைவாகவோ பிறரை மதியாமையின் அடையாளமாகவோ கொள்வது நமது வழக்கம். அத்தகைய தாமதங்களும் உள்ளன. நேரத்துக்கு வராத பஸ்ஸை நம்பிக் காத்திருந்தவரின் தாமதம் இன்னொரு வகை. ஆனால், சுறுசுறுப்பும் நல்லெண்ணமும் உடைய ஒருவர், எவ்விதத் தடையுமில்லாத நாட்களிலும் மீண்டும் மீண்டும் பிந்துவாராயின், அதற்கு இவை விளக்கமாகா. அவரது தவறு குணத்தில் அல்ல, கணிப்பில் உள்ளது.

இக்கணிப்புத் தவறுக்கு 'திட்டமிடல் மயக்கம்' என்ற பொருள்படும் பெயரை 1979 ஆம் ஆண்டில் வழங்கியவர்கள் டானியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய உளவியலாளர்களாவர். இவர்களுள் கானமன் 2002 ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர். ஒரு பணிக்கு எவ்வளவு காலம் தேவை என்று மதிப்பிடும்போது, அதே போன்ற பணிகள் முன்னர் எவ்வளவு காலத்தை எடுத்தன என்பதை மனிதர் எண்ணிப் பார்ப்பதில்லை. இம்முறை அப்பணி எவ்வாறு நடைபெறும் என்று மனதில் தீட்டிய சித்திரத்தையே அளவுகோலாகக் கொள்கின்றனர் என்பது அவர்களது விளக்கமாகும்.

1994 ஆம் ஆண்டில் வெளியான கனேடிய ஆய்வொன்று இதற்குத் தெளிவான சான்றாகும். ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்களிடம், அதனை எப்போது முடிப்பீர்கள் என்று வினவப்பட்டது. அவர்களது மதிப்பீட்டின் சராசரி சுமார் 34 நாட்கள். எல்லாமே பிழைத்துப்போனால் எத்தனை நாட்களாகும் என்ற கேள்விக்குச் சுமார் 49 நாட்கள் என்ற விடை கிடைத்தது. உண்மையிலோ சராசரியாக 55 நாட்களுக்கு மேல் சென்றன. தாம் குறித்த நாளுக்குள் முடித்தோர் மூவரில் ஒருவர் கூட இல்லை. மிக மோசமான நிலையைக் கற்பனை செய்து பார்த்தபோதும், அவர்களது கற்பனை நடப்பை விட இனிமையாகவே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இதன் பின்னால் ஓர் எளிய கணக்கும் உண்டு. வீட்டிலிருந்து அலுவலகம் சேர ஐந்து படிகள் என்று கொள்வோம். ஒவ்வொன்றும் உரிய நேரத்தில் நிகழ்வதற்கான வாய்ப்பு 90 சதவீதம் எனினும், ஒன்றையொன்று சாராத அந்த ஐந்தும் பிசகின்றி நிகழ்வதற்கான வாய்ப்பு 59 சதவீதம் மாத்திரமே. நன்னம்பிக்கையாளர் ஒவ்வொரு படியையும் தனித்தனியே நோக்கி, "இதில் என்ன தடை வரப்போகிறது?" என்கிறார். தனித்தனியே அவர் கூறுவது சரி. கூட்டிப் பார்க்கும்போதுதான் தவறுகிறது.

அறிவும் அனுபவமும் இம்மயக்கத்திலிருந்து ஒருவரைக் காப்பதில்லை. இஸ்ரேலியப் பாடசாலைகளுக்காகப் புதிய பாடநூலொன்றைத் தயாரித்த குழுவில் கானமன் பணியாற்றினார். பணி எப்போது முடியும் என்று கேட்டபோது அனைவரும் இரண்டு ஆண்டுகளையொட்டியே எழுதினர். பின்னர், இத்தகைய குழுக்களின் கடந்தகாலம் எத்தகையது என்று அங்கிருந்த கலைத்திட்ட நிபுணரிடம் அவர் வினவினார். சுமார் 40 சதவீதமானவை பணியை முடிக்கவேயில்லை. முடித்தவை ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை எடுத்தன என்பது நிபுணரின் பதில். அவரும் சற்று முன்னர் இரண்டு ஆண்டுகளையொட்டியே எழுதியிருந்தார்! நூல் நிறைவுபெற எட்டு ஆண்டுகள் சென்றன. அது பயன்படுத்தப்படவேயில்லை.

தனிமனிதருக்கு நேர்வது அரசுகளுக்கும் நேர்கிறது. சிட்னி ஒபரா மாளிகை 70 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் செலவில் 1963 ஆம் ஆண்டில் நிறைவுபெறும் என 1957 ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது. அது திறக்கப்பட்டது 1973 ஆம் ஆண்டில். செலவோ 10 கோடியே 20 இலட்சம் டொலர். கூரையை எவ்வாறு அமைப்பது என்ற சிக்கல் தீராத நிலையிலேயே வேலை தொடங்கப்பட்டிருந்தது. பிரித்தானியத் திறைசேரி 2003 ஆம் ஆண்டின் வழிகாட்டி நூலில், நன்னம்பிக்கைச் சாய்வுக்கென மதிப்பீடுகளில் மேலதிகத் தொகையைச் சேர்க்குமாறு அறிவுறுத்தியமை இத்தகைய அனுபவங்களின் விளைவேயாகும்.

நன்னம்பிக்கை தீயதன்று. அது இல்லையேல் எவரும் கடை திறக்கமாட்டார்; வீடு கட்டத் தொடங்கமாட்டார். எனினும் அதன் விலையைச் செலுத்துபவர் பல வேளைகளில் வேறொருவர் என்பதை மறக்கலாகாது. பிந்தி வரும் வைத்தியருக்காக வாங்கில் அமர்ந்திருக்கும் நோயாளியும், கையொப்பத்துக்காகப் பிரதேச செயலகத்தில் காத்திருந்து நாட்கூலியை இழக்கும் தொழிலாளியும் பிறரது நம்பிக்கைக்குத் தமது நேரத்தை ஈடாக வைக்கின்றனர்.

நேரம் பேணுதல் நமது சமூகங்களுக்கு இயல்பானதன்று என்று சலித்துக்கொள்வோர் உளர். அது உண்மையன்று. நோன்பு திறக்கும் வேளைக்கு மேசையில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் பிந்தி வைக்கப்படுவதில்லை. விருந்தினர் எப்போது வந்தாலும், முகூர்த்தம் தவறாதிருக்க மணவீட்டார் விடியுமுன்னரே எழுந்துவிடுகின்றனர். இவ்விடங்களில் நாம் குறித்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறோம். தடங்கல் வரும் என்று எதிர்பார்த்து இடைவெளியும் விடுகிறோம். ஏனைய வேலைகளிலோ நிற்கும் இடத்திலிருந்து முன்னோக்கிக் கணக்கிட்டு, வழியெங்கும் பச்சை விளக்கே எரியும் என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஆகவே, தாமதத்துக்கு மருந்து அவநம்பிக்கையன்று, நினைவாற்றலேயாகும். மேற்கூறிய கனேடிய ஆய்வாளர்களும், முந்தைய அனுபவத்தை நினைவுகூர்ந்து அதனை இப்போதைய பணியோடு பொருத்திப் பார்த்தவர்களின் மதிப்பீடு நடப்போடு நெருங்கி வந்ததைக் கண்டனர். "எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்பதை விடுத்து, "சென்ற முறை எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று நாம் ஒவ்வொருவரும் கேட்கப் பழகுவோமாக. நம்மை எதிர்பார்த்து எங்கோ ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அதுவாகும்.