தொடங்கியதை முடிக்கும் கல்வி

நாஞ்சில் நாட்டு உழவர்க்குத் திட்டமிடல் புதிய கலையன்று. கன்னிப்பூ, கும்பப்பூ என இரு பூவும் விளைய வேண்டுமாயின், கால்வாயில் நீர் வரும் நாளறிந்து நாற்றுப் பாவுதல் வேண்டும். நாள் தவறின் விளைவும் தவறும். புலமை உலகிற்கோ இவ்வொழுங்கு எளிதில் வாய்க்கவில்லை. நிறைவுறாப் பதிப்புகளும் கையெழுத்துப் படியாகவே மறைந்த ஆய்வுகளும் தமிழில் பல. புலமைக் குறைவு அதற்குக் காரணமன்று. பணியை வகுத்து முடிக்கும் பயிற்சி பலர்க்கும் கிட்டாமையே காரணம் எனலாம்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் வரலாறு ஈண்டுக் கருதத்தக்கது. 1913இல் சாண்ட்லர் தலைமையில் தொடங்கிய இப்பணிக்கு ஓர் இலட்சம் ரூபாயே மதிப்பிடப்பட்டது. 1926இல் பதிப்பாசிரியர் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளை 1936இல் ஆறாம் தொகுதியை நிறைவு செய்தார். 1939இல் துணைத்தொகுதி வெளிவந்தது. செலவு நான்கு இலட்சத்தைக் கடந்தது. தேரூர் தந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இப்பணிக்கு மதிப்புறு உதவியாளராக விளங்கினார். மதிப்பீடு பொய்த்தது; ஆயினும் பணி முடிந்தது. முடிந்ததனாலன்றோ இன்றும் நாம் அதனைப் புரட்டுகிறோம்!

இப்பட்டறிவைக் கல்வியாகவே ஆக்கியவர் நாகர்கோவில் வடசேரியில் 1926இல் பிறந்த வ. அய். சுப்பிரமணியம். இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1962இல் புறநானூற்றுச் சொல்லடைவை வெளியிட்டார். சொல்லடைவு ஆக்கம் ஆய்வாளனுக்கு நல்ல பயிற்சிக்களம். நூலின் எல்லை தெளிவு, சொற்கள் எண்ணத்தக்கன, நாள்தோறும் முடிந்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்பது கண்கூடு. பெரும்பணியைச் சிறு கூறுகளாக்கும் வித்தை அங்கே தானே கைவருகிறது.

கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறைத் தலைவராக அவர் நடத்திய மலையாளக் கிளைமொழி ஆய்வு இம்முறைக்குச் சான்றாகும். எல்லாச் சமூகத்தார் பேச்சையும் ஒருங்கே ஆராயப் புகுந்திருப்பின் பணி கரைகண்டிராது. கேரளம் எங்கும் பரவி வாழும் ஈழவர், தீயர் பேச்சை மட்டும் அளவாகக் கொண்டமையால், பன்னிரு கிளைமொழிப் பகுதிகள் வகுக்கப்பட்டு 1974இல் நூல் வெளிவந்தது. எதை விடுவது என்று துணிதலே திட்டத்தின் முதற்படி என்னும் பாடம் இதிலுண்டு.

1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானபோது, அதே நோக்கில் களஞ்சியப் பணிகள் தொடங்கப்பெற்றன. வாழ்வியற் களஞ்சியமும் அறிவியற் களஞ்சியமும் அவர் பதவிக்காலத்தோடு நில்லாமல் தொகுதி தொகுதியாக வளர்ந்தன. தொடங்கியவர் அகன்ற பின்னும் தொடருமாறு அமைவதே நல்ல திட்டம். 2009இல் அவர் மறைந்தார்.

நாள்கணக்கால் புலமையை அளக்கலாமா எனக் கேட்போர் உளர். கேள்வி நேரியதே. கவிதை நாள் குறித்துப் பிறப்பதன்று. நுண்ணிய ஆய்வும் சிலபோது காத்திருப்பை வேண்டும். எனினும் காத்திருத்தல் வேறு, கைவிடுதல் வேறு. பிழையுள்ள நூலையும் பின்வருவோர் திருத்தலாம். எழுதாத நூலைத் திருத்துவார் யார்? மழைக்குக் காத்திருக்கும் உழவனும் அதற்குமுன் வரப்பை வெட்டி வைக்கிறான். புலவர்க்கும் கவிஞர்க்கும் நாஞ்சில் வயல் கற்பிக்கும் பாடம் அதுவே.