சக்கரம் வைத்த வீடும், வேர்விட்ட வீடுகளும்

மகள் வீட்டுக்கு அமெரிக்கா வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. "சார், ஒண்ணும் எழுதலையே" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். இன்று எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் இருந்ததுபோலப் பொறுமையாகப் படியுங்கள், தேர்வு வைக்க மாட்டேன்.

போன வாரம் மகளும் மாப்பிள்ளையும் எங்களை ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். வர்ஜீனியா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரின் முதுகில் நீளவாக்கில் கிடக்கும் காடு அது. இரண்டு இரவும் தங்கியது ஓட்டலில் அல்ல, ஆர்.வி. என்கிற வண்டியில். வேன் போல ஓட்டிக்கொண்டு போகலாம். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. வாடகைக்குக் கிடைக்கிறது. உங்கள் அம்மா (ஆமாம், உங்கள் டீச்சர்தான்) அதில் ரவா உப்புமா கிண்டினார்.

இந்த வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1910இல் பியர்ஸ் ஆரோ என்ற கார் நிறுவனம், படுக்கையாக மாறும் இருக்கையும் கைகழுவும் தொட்டியும் வைத்த ஒரு காரை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தது. அடுத்த பத்தாண்டில் ஃபோர்டு கார் மலிவாகிவிட, சாதாரணக் குடும்பங்களும் காரில் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றப் புறப்பட்டன. 1919இல் இப்படிப்பட்டவர்கள் ஃப்ளோரிடாவில் கூடி ஒரு சங்கமே வைத்தார்கள். 'தகர டப்பா சுற்றுலாக்காரர்கள்' என்பது அதன் பெயர்.

கார்கள் காட்டுக்குள் கண்ட இடத்தில் நின்றதால் மண் இறுகி மரங்களின் வேர் மூச்சுத் திணறியது. மைனெக்கி என்ற தாவர நோய் நிபுணர் இதை ஆராய்ந்து, ஒருவழிச் சுற்றுப்பாதை போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறிய நிறுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று 1930களின் தொடக்கத்தில் வழி சொன்னார். இன்றும் அமெரிக்கப் பூங்காக்களின் முகாம்கள் பெரும்பாலும் அந்த அமைப்பில்தான் இருக்கின்றன. நாங்கள் தங்கிய 'பிக் மெடோஸ்' முகாமிலும் அதே சுற்றுப்பாதை, எண் போட்ட கம்பம், மேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம். மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டர் போடுவதற்குக் குறிப்பிட்ட நேரம்தான். கரடி வரும் என்பதால் சோற்றுப் பருக்கையைக்கூட வெளியே விடக் கூடாது. மரம் தின்னும் பூச்சி கூடவே வந்துவிடும் என்பதால் வெளியூர் விறகை இஷ்டத்துக்குக் கொண்டுவர முடியாது.

மலை முகட்டில் 105 மைல் நீளத்துக்கு ஸ்கைலைன் டிரைவ் என்ற சாலை ஓடுகிறது. வேகம் மணிக்கு 35 மைல்தான். ஓரிடத்தில் 1932இல் பாறையைக் குடைந்த சுரங்கப்பாதை இருக்கிறது. அதன் உயர வரம்பு 12 அடி 8 அங்குலம். எங்கள் வண்டி அதைவிடக் குள்ளம்தான் என்று மாப்பிள்ளை மூன்று தடவை சொன்ன பிறகும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேத்தி சிரித்தாள்.

மறுநாள் டார்க் ஹாலோ அருவிக்கு நடந்தோம். முக்கால் மைல் இறக்கம். சுமார் 70 அடி உயரத்திலிருந்து கரும்பாறைப் படிகளில் தண்ணீர் தாவித் தாவி இறங்குகிறது. குற்றாலம் மாதிரி தலையைக் கொடுத்துக் குளிக்கிற அருவி அல்ல, நின்று பார்க்கிற அருவி. சுற்றிலும் காடு. "மனுஷன் காலே படாத காடு போல இருக்கு" என்றேன். வரலாற்று வாத்தியார் சொல்லக் கூடாத வாக்கியம். அதற்கான பதில் அடுத்த நாளே கிடைத்தது.

திரும்பும் வழியில், பூங்காவின் வடமுனைக்குப் பக்கத்தில் ஃபாக்ஸ் ஹாலோ என்ற பாதையில் கொஞ்சம் நடந்தோம். காட்டுக்குள் கல் குவியல்கள். யாரோ வயலைத் திருத்தியபோது பொறுக்கிக் குவித்த கற்கள். அப்புறம் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். அதைச் சுற்றி நம் நித்தியகல்யாணியைப் போன்ற நீலப்பூக் கொடி படர்ந்திருந்தது. பேத்தி கேட்டாள்: "தாத்தா, பார்க்குக்குள்ள எதுக்கு கிரேவ்ஸ்?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி போன்ற மேற்குப் பூங்காக்களை அரசு நிலத்தில் அமைத்தார்கள். கிழக்கிலோ நிலமெல்லாம் தனியார் கையில். பெருநகரங்களுக்கு அருகில் ஒரு பூங்கா வேண்டும் என்று 1926இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஷெனாண்டோவாவுக்கு அனுமதி தந்தது. ஆனால் நிலத்தை வாங்கிக் கொடுப்பது மாநிலத்தின் பொறுப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலத் துண்டுகள். ஒவ்வொருவரிடமும் பேரம் பேசினால் முடியாது என்று, 1928இல் வர்ஜீனியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாவட்டத்தில் பூங்காவுக்கு வேண்டிய நிலம் முழுவதையும் ஒரே வழக்கில் கையகப்படுத்தலாம் என்றது அது. அதை முன்னின்று நடத்திய ஆளுநர் ஹாரி பேர்ட். பிக் மெடோஸில் உள்ள பார்வையாளர் மையத்துக்கு அவர் பெயர்தான்.

அந்த மலையில் தலைமுறைகளாக வாழ்ந்த ஐந்நூறு குடும்பங்கள் அளவில் வெளியேற வேண்டியதாயிற்று. ஆப்பிள் தோட்டம் வைத்தவர்கள், மாடு மேய்த்தவர்கள், செஸ்ட்நட் கொட்டையும் மரப்பட்டையும் விற்றுப் பிழைத்தவர்கள். (அவர்களுக்கும் முன்னால் அங்கே பூர்வகுடிகள் இருந்தார்கள். அது இன்னொரு நீண்ட பாடம்.) நிலம் வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. குத்தகைக்கு இருந்தவர்களுக்கு நிலத்துக்கென்று ஒரு காசும் இல்லை. ராபர்ட் வியா என்ற விவசாயி இந்தச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1935இல் தோற்றார். அதே ஆண்டு டிசம்பரில் பூங்கா அதிகாரபூர்வமாகப் பிறந்தது.

இழப்பதே துன்பம். அதோடு இகழ்ச்சியும் சேர்ந்தது. 1933இல் இந்த மலைவாசிகளைப் பற்றி 'ஹாலோ ஃபோக்' என்று ஒரு புத்தகம் வந்தது. நாகரிகம் தொடாத, காலத்தால் பின்தங்கிய கூட்டம் என்று அது அவர்களைச் சித்திரித்தது. வெளியேற்றுவது அவர்களுக்கே நல்லது என்று நினைக்க அது வசதியாக இருந்தது. ஆனால் அந்த மக்கள் அரசு அதிகாரிகளுக்குத் தம் கைப்பட எழுதிய கடிதங்கள் பூங்காவின் ஆவணங்களில் இருக்கின்றன. அவை பின்னாளில் புத்தகமாகவும் வந்தன. நான் பிறந்த வீட்டின் கதவையும் ஜன்னலையும் எடுத்துக்கொள்ளலாமா, நட்ட பயிரை அறுவடை செய்ய அனுமதி உண்டா என்று கேட்கிற கடிதங்கள். தன் வீட்டுக் கதவுக்கு அனுமதி கேட்டு எழுதும் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆசிரியனாக என்னை நிறுத்திய செய்தி ஒன்று. ஜனாதிபதி ஹூவர் இதே மலையில் மீன் பிடிக்க ஓர் ஓய்வு முகாம் வைத்திருந்தார். பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை என்று தெரிந்ததும், 1930இல் ஒரு பள்ளிக்கூடம் திறக்க ஏற்பாடு செய்தார். கென்டக்கியிலிருந்து ஓர் இளம் ஆசிரியை வந்து பாடம் நடத்தினார். பூங்கா வந்து குடும்பங்கள் கலைந்தபோது அந்தப் பள்ளியும் மூடிப்போனது.

ரூஸ்வெல்ட்டின் புதிய ஒப்பந்தத் திட்டத்தில் வேலையில்லா இளைஞர்களுக்காக 1933இல் தொடங்கிய அமைப்பு சி.சி.சி. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். அந்தப் பையன்கள்தான் இங்கே மரம் நட்டார்கள், பாதை போட்டார்கள், சாலையோரச் சுவர் கட்டினார்கள். காலியான வீடுகளைப் பிரித்ததும், எரித்ததும் அவர்கள்தான். ஒரு வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காக வந்த பிள்ளைகள், இன்னொரு வீட்டின் கூரையை இறக்கினார்கள். 1936 ஜூலை 3 அன்று பிக் மெடோஸில் ரூஸ்வெல்ட்டே வந்து பூங்காவை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

எல்லோருக்குமான பூங்கா என்றார்கள். ஆனால் 1939இல் லூயிஸ் மவுண்டன் என்ற இடத்தில் கறுப்பின மக்களுக்கென்று தனி முகாம் திறந்தார்கள். பலகையிலேயே அப்படி எழுதி வைத்தார்கள். அந்தப் பிரிவினை முழுவதும் நீங்க 1950 ஆயிற்று. இன்று அங்கே யாரும் தங்கலாம்.

பூங்காவே தவறு என்று சொல்ல வரவில்லை. வெட்டியும் மேய்த்தும் இளைத்திருந்த மலை இன்று ஏறக்குறைய முழுக்கக் காடு. கரடி திரும்பியிருக்கிறது. அருவியில் தண்ணீர் தெளிவாக ஓடுகிறது. என் பேத்தி அதைப் பார்த்துத் துள்ளினாள். அதே பார்வையாளர் மையத்தில் வெளியேற்றத்தையும் பிரிவினையையும் மறைக்காமல் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சந்ததியினர், சுற்றியுள்ள மாவட்டங்களில் கல்லால் புகைபோக்கிகள் எழுப்பி, வெளியேறிய குடும்பங்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். வீடு போனாலும் அடுப்படி நிற்கட்டும் என்று. வயது காரணமாகச் சிலரை மட்டும் கடைசிவரை இருக்க விட்டார்கள். அவர்களில் கடைசி மூதாட்டி 1979இல், 92 வயதில் காலமானார்.

அன்றிரவு வீடு திரும்பியும் தூக்கம் வரவில்லை. பத்தாம் வகுப்பில் எத்தனை ஆண்டு புதிய ஒப்பந்தத்தை நடத்தினேன்! "நன்மைகள் ஐந்து எழுதுக." நானும் ஐந்தைச் சொல்வேன், நீங்களும் எழுதுவீர்கள், ஐந்து மதிப்பெண். ஒரு வருடம் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அன்று பாடம் அணைக்கட்டுகள். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "சார், தண்ணிக்குள்ள போன ஊர்க்காரங்கள்லாம் எங்க சார் போனாங்க? எங்க தாத்தா அந்த ஊரு" என்றான். "அது பாடத்துல இல்லடா, உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அப்புறம் அவன் கேள்வியே கேட்கவில்லை.

பண்ணவாடியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். நீங்களெல்லாம் படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். நானும் விருப்பக்குறி போட்டிருக்கிறேன். அதைச் சுற்றி வீடுகள் இருந்தன என்று ஒரு வரி எழுதத் தோன்றியதில்லை.

வாடகைக்கு எடுத்த, சக்கரம் வைத்த வீட்டில் இரண்டு இரவு சுகமாகத் தூங்கினேன். மலையை விட்டு இறங்க மனமில்லாதவர்களின் வீடுகள் இருந்த மலை அது. அங்கே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் குடும்பத்தோடு போங்கள். அருவியைப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் ஒரு கல் குவியலுக்குப் பக்கத்திலும் நில்லுங்கள். உங்கள் பிள்ளை கேள்வி கேட்டால் உட்கார் என்று சொல்லாதீர்கள்.

அந்தப் பின் பெஞ்சுப் பையன் இதைப் படிக்கிறானா, தெரியாது. படித்தால்: தம்பி, உன் கேள்விதான் சரியான வரலாற்றுக் கேள்வி. அன்று பதில் சொல்லாதது என் தவறு. உன் தாத்தா எங்கே போனார் என்று உனக்குத் தெரிந்தால் கீழே எழுது. இந்த முறை நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

அடுத்த மாதம் ஊர் திரும்புகிறோம். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.