கடற்கரைச் சக்கர நாற்காலி

மணலிலும் ஆழமற்ற நீரிலும் செல்வதற்கான துணைக்கருவி. வழக்கமான சக்கர நாற்காலியின் ஒடுங்கிய சில்லு உப்புவெளி, நிலாவெளி போன்ற திருகோணமலைக் கரைகளின் மணலில் புதைந்துவிடும். இதிலோ காற்றழுத்தம் குறைந்த, பருத்த பலூன் சில்லுகள் பாரத்தைப் பரப்புவதால் புதைவது குறைகிறது. உப்புக்காற்றில் துருப்பிடிக்காதிருக்கச் சட்டகம் அலுமினியத்திலோ பிளாஸ்டிக் குழாயிலோ அமையும். பெரும்பாலான வகைகளை இன்னொருவர்தான் தள்ளவேண்டும். தனியே உலாவ விரும்புவோருக்கு இது பெருங்குறை.

நாற்காலி மட்டும் போதாது. வீதியிலிருந்து மணல்வரை படியற்ற பாதையும் வேண்டும். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மரப்பாதை அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. வடகீழ்ப் பருவக்காற்றில் கொந்தளிக்கும் திருகோணமலைக் கடலோரத்திலும் இத்தகைய சேதம் நேரலாம். இங்கு அமைதியான கடல் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரைதான். ஆகவே, கழற்றி வைக்கக்கூடிய பாய்ப்பாதையே உகந்தது எனலாம்.

கடற்கரையை அணுகுவது உரிமைசார் விடயமும் ஆகும். இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. நாடு 2016இல் ஏற்புறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை பொழுதுபோக்கு, விளையாட்டு, சுற்றுலா ஆகியவற்றில் பங்கேற்பதையும் உரிமையாக ஏற்கிறது.