கலப்பு இதயச் சிகிச்சை: ஸ்டென்ட்டும் வால்வு அறுவையும்

இதயத் தமனி அடைப்பை ஸ்டென்ட் வைத்து நீக்கி, பழுதடைந்த வால்வைச் சிறு வெட்டு வழியே அறுவை செய்து சீராக்கும் கூட்டு மருத்துவம் கலப்பு முறை எனப்படுகிறது. இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து திட்டமிட வேண்டிய சிகிச்சை இது.

பழைய வழக்கம்

1960இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆல்பர்ட் ஸ்டார், பொறியாளர் லோவல் எட்வர்ட்சுடன் உருவாக்கிய பந்து வால்வை நோயாளிகளுக்குப் பொருத்தினார். 1967இல் கிளீவ்லாந்தில் ரெனே பவலோரோ, கால் சிரையைக் கொண்டு பைபாஸ் அறுவை செய்தார். இரு நோயும் உள்ளவருக்கு மார்பெலும்பை நெடுக அறுத்து இரண்டையும் ஒரே அமர்வில் செய்வது வழக்கமாயிற்று. இதில் இதய-நுரையீரல் இயந்திரத்தைச் சார்ந்திருக்கும் நேரம் கூடும். முதியோருக்கும் முன்பே இதய அறுவை செய்துகொண்டோருக்கும் ஆபத்து மிகுதி.

இரு புதிய பாதைகள்

1977இல் சூரிச் நகரில் ஆன்ட்ரியாஸ் குருன்ட்சிக், இதயத் தமனி அடைப்பைப் பலூன் கொண்டு விரித்தார். 1986இல் துலூசில் ஜாக் புயெலும் லோசானில் உல்ரிச் சிக்வார்ட்டும் மனித இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்தனர். 1996 அளவில் கிளீவ்லாந்தில் டெலோஸ் காஸ்குரோவ், பாஸ்டனில் லாரன்ஸ் கோன் முதலியோர் சிறு வெட்டு வழியே வால்வு அறுவை செய்யத் தொடங்கினர்.

சிறு வெட்டின் வழியே வால்வை எட்டலாம்; இதயத்தைச் சுற்றியுள்ள தமனிகள் எல்லாவற்றையும் எட்டுவது கடினம். அடைப்பை முன்னதாகவே ஸ்டென்ட்டால் நீக்கிவிட்டால் பைபாஸ் தேவைப்படாது. சிறு வெட்டே போதும். கலப்பு முறையின் அடிப்படை இதுவே.

பாஸ்டன் அனுபவம்

பாஸ்டனின் பிரிகாம் மகளிர் மருத்துவமனையில் 1997 முதல் 2003 வரை 26 நோயாளிகளுக்கு முதலில் ஸ்டென்ட், பின்னர் வால்வு அறுவை என்ற வரிசையில் சிகிச்சை தரப்பட்டது. ஜான் பைர்ன் குழுவினர் 2005இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான கணிப்புப்படி 22 விழுக்காட்டினர் இறந்திருக்கக்கூடும், இறந்தவர் ஒருவரே. ஆயினும் நோயாளிகள் சிலரே. ஒப்பிட வேறு குழுவும் இல்லை.

மருந்துச் சிக்கல்

ஸ்டென்ட் வைத்தபின், அதில் இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரல் போன்ற மருந்தும் தரப்படும். அறுவைக்காக அவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபட்டு மாரடைப்பு நேரலாம். தொடர்ந்தால் அறுவையின்போது இரத்தப்போக்கு மிகும். பாஸ்டன் நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. எனவே இரண்டுக்கும் இடையே எத்தனை நாள் விடுவது என்பதே இம்முறையின் முக்கியக் கேள்வி. சிலர் எக்ஸ்-கதிர்க் கருவி அமைந்த அறுவை அரங்கில் இரண்டையும் ஒரே நாளில் செய்கின்றனர். சிலர் நாள்களோ வாரங்களோ இடைவெளி விடுகின்றனர்.

இன்றைய நிலை

2002இல் பிரான்சின் ரூவன் நகரில் அலென் கிரிபியே, மார்பைத் திறக்காமல் குழாய் வழியே பெருந்தமனி வால்வைப் பொருத்தினார். அதன்பின் அவ்வால்வு பழுதான முதியோர் பலருக்கு அறுவையே தேவைப்படுவதில்லை. பல தமனிகளில் கடும் அடைப்புள்ளோருக்கு, உடல்நிலை இடங்கொடுத்தால், பைபாசுடன் கூடிய திறந்த அறுவையே இன்றும் செய்யப்படுகிறது. எளிதில் ஸ்டென்ட் வைக்கத்தக்க அடைப்பும், அறுவை தேவைப்படும் வால்வுப் பழுதும் சேர்ந்திருப்போருக்கே கலப்பு முறை பொருந்துகிறது.