ஆற்றில் எங்கே நிற்பது?

2012-ம் வருடம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம். அர்க்கன்சாஸ் ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒரு பெரியவர் தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பிடித்த இடம் அது. திடீரென்று கரையிலிருந்து கல் வந்து விழுந்தது. கூழாங்கல் இல்லை சார், பேஸ்பால் சைஸுக்குக் கல்!

கல்லுக்குப் பின்னால் இருந்த வாதம் இதுதான்: ‘தண்ணீர் பொதுச் சொத்தாகவே இருந்துட்டுப் போகட்டும். ஆனா, உன் கால் நிக்குதே, அந்தத் தரை என்னுது. வெளியே போ!’

சிரிக்காதீர்கள். கொலராடோ சட்டப்படி இது கிறுக்குத்தனமான வாதம் இல்லை. கரை ஓரத்து நிலத்தை வாங்கியவருக்கு ஆற்றின் அடியில் இருக்கும் மண்ணும் சொந்தம். தண்ணீர் அதன் மேல் ஓடுகிறது, அவ்வளவுதான். 1979-ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ரப்பர் படகில் ஆற்றோடு மிதந்துபோன சிலர், பாறையில் மோதிவிடாமல் இருக்க அங்கங்கே அடித்தரையில் காலை ஊன்றியிருக்கிறார்கள். ‘அத்துமீறி நுழைந்தது குற்றம்தான்’ என்று தீர்ப்பாகிவிட்டது. பக்கத்து மாநிலமான வயோமிங் 1961-லேயே ஒரு விநோதமான சமரசத்துக்கு வந்திருந்தது. படகில் மிதக்கலாம், இறங்கி நடக்கக் கூடாது. மிதந்தால் குடிமகன், நின்றால் குற்றவாளி!

கல் வாங்கிய பெரியவரை அப்படியே தண்ணீரில் நிற்க வைத்துவிட்டு (மன்னிக்கவும், கடைசியில் வந்து அழைத்துக்கொள்வோம்), இந்தச் சண்டையின் வேரைத் தேடிக் கொஞ்சம் பின்னால் போகலாம். கொஞ்சம் என்றால், ஆயிரத்தைந்நூறு வருடம்.

கி.பி. 533. கான்ஸ்டான்டிநோபிளில் ரோமப் பேரரசர் ஜஸ்டீனியன் சட்ட மாணவர்களுக்காக ஒரு பாடநூலைத் தொகுக்கச் சொன்னார். அதில் ஆறுகள் எல்லாம் பொதுமக்களுடையவை, ஆகவே ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமையும் எல்லோருக்கும் பொது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. கரை யாருடைய நிலம் என்றாலும், படகைக் கட்டவும் வலையை உலர்த்தவும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிரச்னை அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லையே!

இங்கிலாந்தில் கதை வேறு பாதையில் போனது. அரசரும் பிரபுக்களும் ஆறுகளைத் துண்டுதுண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். 1215-ல் ஜான் மன்னரிடம் கையெழுத்து... மன்னிக்கவும், முத்திரை வாங்கிய மாக்னா கார்ட்டாவில், தேம்ஸ் உள்ளிட்ட ஆறுகளின் குறுக்கே மீன் பிடிக்கப் போட்டிருக்கும் தடுப்புகளை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு ஷரத்து உண்டு. உண்மையில் அது படகுப் போக்குவரத்துக்காக. ஆனால், பின்னால் வந்த வக்கீல்கள் அதையே மீன்பிடி உரிமைக்கும் ஆதாரமாக இழுத்துக்கொண்டார்கள். அப்படி இழுத்தும், அலை ஏறி இறங்குகிற முகத்துவாரப் பகுதிதான் பொதுமக்களுக்குக் கிடைத்தது. அதற்கு மேலே உள்நாட்டில் ஓடும் சிற்றாறுகள் எல்லாம் நிலச்சொந்தக்காரர்களுக்கு! ஹாம்ப்ஷயரில் டெஸ்ட் என்று ஒரு ஆறு, தூண்டில்காரர்களின் காசி. அங்கே 1822-ல் ஆரம்பித்த ஹாட்டன் கிளப்பில் உறுப்பினராகப் பணம் மட்டும் போதாது.

அமெரிக்கா இந்த ஆங்கிலச் சட்டத்தைத்தான் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனது. ஆனால், மிசிசிப்பி அளவுக்கு ஆறுகள் உள்ள நாட்டில் கடல் அலையை வைத்து எப்படி அளப்பது? அதனால் புதுக் கணக்குப் போட்டார்கள். ஒரு மாநிலம் அமெரிக்க யூனியனில் சேர்ந்த நாளில், அந்த ஆற்றில் சரக்கோ ஆளோ போக்குவரத்து நடத்த முடிந்ததா? முடிந்தது என்றால் ஆற்றின் தரை மாநிலத்துக்குச் சொந்தம். முடியாதென்றால் கரைக்காரருக்கு. ஆக, இன்றைக்கு நீங்கள் ஓர் ஓடையில் நிற்கலாமா என்பதை முடிவு செய்ய நூறு வருடத்துக்கு முன்னால் அதில் யார் எதை மிதக்கவிட்டார்கள் என்று தேட வேண்டும்!

இப்போது நம் கதாநாயகன் வரலாம். மான்டானா. கனடாவை ஒட்டி, மலையும் பனியுமாகப் பரந்துகிடக்கிற மாநிலம். 1889 நவம்பர் 8-ம் தேதி யூனியனில் சேர்ந்தது. பெயருக்குத்தான் மாநிலம், நிஜத்தில் அது ஒரு செம்புச் சுரங்க சாம்ராஜ்யம். அனகோண்டா என்ற சுரங்கக் கம்பெனி (பாம்பின் பெயர்தான், பொருத்தமும்கூட) அரசியலை வளைத்துப் பிடித்திருந்தது. மாநிலத்தின் முக்கியமான தினசரிகளே அதன் கையில் இருந்தன. 1959-ல்தான் அவற்றை விற்றது. கம்பெனியின் பிடி தளர்ந்த பிறகு, 1972-ல் நூறு பிரதிநிதிகள் தலைநகர் ஹெலெனாவில் கூடி ஒரு புது அரசியல் சட்டத்தை எழுதினார்கள். அதில் ஒன்பதாம் பிரிவில் ஒரு வரி: மாநிலத்துக்குள் இருக்கிற தண்ணீர் அத்தனையும், மேலே ஓடுவது, பூமிக்கடியில் இருப்பது, வெள்ளமாக வருவது, ஆகாயத்தில் இருப்பது உட்பட, மக்களின் உபயோகத்துக்காக மாநிலத்தின் சொத்து.

எழுதியவர்களின் மனதில் அப்போது பாசனம்தான் பெரிதாக இருந்தது. தூண்டில்காரர்களை யார் நினைத்தார்கள்? ஆனால், சட்டப் புத்தகத்தில் ஒரு வரி நுழைந்துவிட்டால் அது யாருக்கு எப்போது கைகொடுக்கும் என்று சொல்லவே முடியாது.

பத்தே வருடத்தில் கைகொடுத்தது. டியர்பார்ன், பீவர்ஹெட் என்ற இரண்டு ஆறுகள். இரண்டிலும் கரைக்காரர்கள், ‘ஆற்றின் தரை எங்களுடையது, படகும் தூண்டிலும் உள்ளே வரக் கூடாது’ என்று மறித்தார்கள். தூண்டில்காரர்களும் படகுக்காரர்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை ஆரம்பித்து, ஜிம் கெட்ஸ் என்ற வக்கீலைப் பிடித்து, கோர்ட்டுக்குப் போனார்கள். டியர்பார்ன் வழக்கில் முதலில் பழைய கணக்கைத்தான் எடுத்தார்கள். ‘1887-ல் இந்த ஆற்றில் சுமார் ஒரு லட்சம் ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள், பாருங்கள்!’ யூனியனில் சேருவதற்கு இரண்டு வருடம் முன்பு. கட்டை மிதந்தது, ஆகவே ஆற்றின் தரை அரசுக்குச் சொந்தம். வழக்கு ஜெயித்தாயிற்று.

1984-ல் மான்டானா உச்ச நீதிமன்றம் அதோடு நிறுத்தியிருந்தால் நானும் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். கட்டை மிதக்காத ஆறுகள் ஆயிரம் இருக்கிறதே, அதற்கெல்லாம் என்ன வழி? நீதிபதிகள் இன்னொரு அடி எடுத்துவைத்தார்கள். தரை யாருடையது என்ற கேள்வியே இங்கே தேவையில்லை. தண்ணீர் மக்களுடையது என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அந்தத் தண்ணீரில் பொழுதுபோக்காக எதையாவது செய்ய முடியுமென்றால், மக்கள் செய்துகொள்ளலாம். எதுவரை? தண்ணீர் வழக்கமாக ஏறி நிற்கும் கோடு வரை. நடுவில் வேலியோ தடுப்போ இருந்தால், நிலத்துக்கு அதிகத் தொந்தரவில்லாமல் கரையேறிச் சுற்றிக்கொண்டு மறுபடி ஆற்றில் இறங்கலாம்.

இந்தத் தீர்ப்புக்கு ஊன்றுகோலாக நின்றது 1892-ம் வருடத்துப் பழைய வழக்கு ஒன்று. சிகாகோ நகரத்தை ஒட்டிய ஏரித் தரையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஒரு ரயில் கம்பெனிக்குத் தாரைவார்த்துவிட்டு, பிறகு விழித்துக்கொண்டு ரத்து செய்தது இல்லினாய் சட்டசபை. ‘ரத்து செய்தது சரி. இப்படிப்பட்ட நீர்நிலைக்கு அரசு முதலாளி இல்லை, மக்கள் சார்பில் காவல் காக்கும் தர்மகர்த்தா மட்டுமே’ என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். இந்த வழக்கு நம்ம ஊருக்கும் வந்திருக்கிறது, தெரியுமா? குலு - மணாலியில் பியாஸ் நதியையே திசைதிருப்பிய ஒரு சொகுசு ஹோட்டல் விவகாரத்தில், 1996-ல் நீதிபதி குல்தீப் சிங் தந்த தீர்ப்பில் ஜஸ்டீனியன் காலத்து ரோமும் உண்டு, சிகாகோ ஏரியும் உண்டு.

சரி, மான்டானாவுக்குத் திரும்புவோம். தீர்ப்பு வந்ததும் பண்ணைக்காரர்களுக்குக் குலைநடுக்கம். அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போனால் மாடு வெளியே போய்விடும். வேலியை அறுப்பவன், பீர் பாட்டிலை வீசுபவன் எல்லா ஊரிலும் உண்டு. 1985-ல் சட்டசபை இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி ஓடைப் பிரவேசச் சட்டத்தை நிறைவேற்றியது. கோடு வரை நீங்கள் நிற்கலாம், நடக்கலாம், மீன் பிடிக்கலாம். ஆனால், ஆற்றுக்குப் போவதற்காக அடுத்தவன் வயலில் நடக்க மட்டும் கூடாது.

அப்படியானால் ஆற்றில் எப்படித்தான் இறங்குவது? பாலம்! பொதுச் சாலை ஆற்றைத் தாண்டும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு, பாலத்து ஓரமாக இறங்கிவிட வேண்டியதுதான். இந்தப் பாலத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1992-ல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் ஒரு படம் எடுத்தார். ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’. இளவயது பிராட் பிட், மான்டானா ஆற்றில் நின்று தூண்டில் கயிற்றைச் சாட்டைபோலச் சுழற்றுவார் பாருங்கள்... ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ட்ரவுட் மீனுக்காக இறகால் செய்த பொய் ஈயைத் தண்ணீரில் மிதக்கவிடும் ‘ஃப்ளை ஃபிஷிங்’ பைத்தியம் நாடு முழுக்கப் பிடித்துக்கொண்டது. (பிடித்த மீனைப் பலர் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். இதுக்கா இவ்வளவு அடிதடி என்று கேட்பீர்கள். இதுக்குத்தான்.) ஆற்றங்கரை நிலங்களைப் பணக்காரர்கள் மொய்த்தார்கள். படத்துக்கு முன்பே, 1989-ல், சி.என்.என். அதிபர் டெட் டர்னர் அங்கே வாங்கிய ஒரு பண்ணை மட்டும் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல்!

புதுப் பணக்காரர்களுக்கு 1985 சட்டம் கண்ணில் விழுந்த தூசி. பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் மிட்செல் ஸ்லூ என்று ஒரு வாய்க்கால், சுமார் 16 மைல் நீளம். கரைக்காரர்களில் பங்குத் தரகு கோடீஸ்வரர் சார்லஸ் ஷ்வாப் ஒருவர். ‘தி பவர் ஆஃப் லவ்’ பாடிய ராக் பாடகர் ஹியூயி லூயிஸ் இன்னொருவர். அந்தப் பாட்டு ஹிட்டானதும் ஓடைச் சட்டம் வந்ததும் ஒரே 1985-ல்தான்! ‘இது ஆறே இல்லை, மனுஷன் வெட்டிய வாய்க்கால். எனவே சட்டம் பொருந்தாது’ என்றது கரைக்காரர் தரப்பு. பாழாய்க் கிடந்ததைச் சொந்தக் காசைப் போட்டு மீன்கள் வளரும்படி சீர்திருத்தியதும் அவர்கள்தான். அதை மறைக்கக் கூடாது. கீழ்க் கோர்ட் அகராதியைப் புரட்டி, ‘மனிதக் கை படாததுதான் இயற்கை’ என்று அவர்களுக்கே தீர்ப்புச் சொன்னது. 2008-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. அப்படிப் பார்த்தால் அணையும் மதகும் இல்லாத ஆறு எது? மிட்செல் ஸ்லூ இயற்கை ஓடைதான், மக்களுக்குத் திறந்துவிடு!

அடுத்தது பாலம். ரூபி ஆற்றங்கரையில் நிலம் வாங்கியவர் ஜேம்ஸ் காக்ஸ் கென்னடி, அட்லாண்டாவைச் சேர்ந்த மீடியா முதலாளி. ஆற்றை மறிக்க முடியாது, சரி. பாலத்தோடு சேர்த்து வேலி போட்டால்? ஆறு திறந்திருக்கும், ஆனால் யாரும் இறங்க முடியாது! 2000-லேயே மாநில அட்டர்னி ஜெனரல், பொதுச் சாலைப் பாலத்திலிருந்து இறங்கலாம் என்று கருத்துச் சொல்லியிருந்தார். 2004-ல் ஓர் உள்ளூர்ச் சங்கம் வழக்குப் போட்டது. 2009-ல் சட்டசபை, வேலியும் இருக்கட்டும், ஆள் இறங்க வழியும் இருக்கட்டும் என்று சட்டம் போட்டது. வழக்கு மட்டும் சைலர் லேன் என்ற சின்னச் சாலையின் பாலத்தில் சிக்கிக்கொண்டு நின்றது. கென்னடி தரப்பு ஒரு படி மேலே போய், ஓடைச் சட்டமே தன் சொத்தைப் பறிக்கிறது, அதையே செல்லாது என்று சொல்லுங்கள் என்றது. 2014 ஜனவரியில் தீர்ப்பு. சட்டம் செல்லும். சாலைக்கான இடத்துக்குள் நடந்து, பாலத்திலிருந்து ஆற்றில் இறங்கலாம்.

ஒரு பாலத்துக்குப் பத்து வருடம்!

எல்லா மாநிலமும் மான்டானா இல்லை. யூட்டாவில் 2008-ல் நீதிமன்றம் ஆற்றில் காலூன்றும் உரிமையைக் கொடுத்தது. 2010-ல் சட்டசபை பிடுங்கிக்கொண்டது. பிடுங்கியது செல்லும் என்று 2023-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியூ மெக்சிகோவில் மட்டும் 2022-ல் தீர்ப்பு தூண்டில்காரர்கள் பக்கம் சாய்ந்தது.

நம் பெரியவர் என்ன ஆனார்? கல்வீச்சோடு அது முடியவில்லை. பிறகு ஒருமுறை இன்னொரு தூண்டில்காரரை நோக்கித் துப்பாக்கியே வெடித்தது. சுட்டவர் சிறைக்குப் போய்வந்தார். பெரியவர் கோர்ட்டுக்குப் போனார். டியர்பார்ன்காரர்களைப் போலவே பழைய கணக்கைத்தான் எடுத்துக்கொண்டு போனார். கொலராடோ யூனியனில் சேர்ந்த 1876-க்கு முன்பே அர்க்கன்சாஸ் ஆற்றில் மரங்களையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் மிதக்கவிட்டிருக்கிறார்கள், ஆகவே நான் நின்ற தரை மாநிலத்துக்குச் சொந்தம் என்றார்.

2023 ஜூனில் கொலராடோ உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. கட்டை மிதந்ததா இல்லையா என்பதற்குள் அது போகவே இல்லை. தரை மாநிலத்துடையது என்று வழக்காட மாநிலத்துக்குத்தான் உரிமை, உங்களுக்கு இல்லை என்று அனுப்பிவிட்டது. அந்த வழக்கில் மாநில அரசும் ஒரு கட்சிதான். அது வாதாடியது பெரியவருக்கு எதிராக.