வாத்து விழுங்கியதும் வைத்தியர்கள் பார்த்ததும்

ஒரு வாய் சோறு விழுங்குவதில் என்ன அதிசயம்? தொண்டை வரை உணவுக்கும் மூச்சுக்கும் ஒரே வழிதான். கொஞ்சம் தவறினால் புரை ஏறிவிடும்!

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே ஹார்வர்டு மருத்துவ மாணவர் வால்டர் கேனன், நீண்ட கழுத்து வாத்து ஒன்றுக்கு பிஸ்மத் கலந்த தீனி கொடுத்து, அது கழுத்தில் இறங்குவதைத் திரையில் பார்த்தார். பிற்பாடு பிஸ்மத்தின் இடத்துக்கு பேரியம் வந்தது.

பக்கவாத நோயாளிகள் சிலருக்குப் புரை ஏறினாலும் இருமல் வராது. உணவு சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியலாம். தண்ணீர் குடிக்கச் சொல்லி, இருமுகிறாரா என்று மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

அமெரிக்கப் பேச்சு சிகிச்சை நிபுணர் ஜெரி லோகமன், பேரியத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோவாகப் பதிவு செய்யும் முறையை 1983-ல் வெளியான தன் புத்தகத்தில் விளக்கினார். 1988-ல் சூசன் லாங்மோர் குழு, மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் முறையை வெளியிட்டது. இதற்கு எக்ஸ்ரே வேண்டாம், நோயாளியின் படுக்கையிலேயே செய்யலாம்.

1996-ல் ரோசன்பெக் குழு 8 படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றைத் தந்தது. அதில் மிக மோசமான 8-வது படி எது தெரியுமா? குரல்நாண்களைத் தாண்டி உணவு இறங்கியும் உடம்பு அதை வெளியே தள்ள முயலாத நிலை.

இருமல் ஒரு தொந்தரவு என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது காவல்காரன்!